பிள்ளைக்கு மருந்து: ஃபிக்ஹு நூற்களில் வலீயின் தராசு

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜுத் தாலிபீன்' பாடம் நடைபெறும்போது சில இடங்களை ஆசிரியரும் மாணவரும் விரைந்து கடந்துவிடுவது நம் அரபுக் கல்லூரிகளில் வழக்கம். 'கிதாபுஸ் ஸியால்' எனும் பகுதியின் நடுவே வரும் 'ஸில்ஆ' மஸ்அலா அப்படிப்பட்ட ஓர் இடம். தோலுக்கும் தசைக்கும் இடையே எழும் கட்டிக்கு ஸில்ஆ என்று பெயர். கொண்டைக்கடலை அளவு முதல் தர்ப்பூசணி அளவு வரை அது இருக்கும் என்று விரிவுரையாளர்கள் எழுதுவர். மாணவர்கள் சிரிப்பர், பாடம் அடுத்த வரிக்குப் போய்விடும். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறு கடந்து சென்றவர்களே.

மூன்றாண்டுகளுக்கு முன் ஓர் அஸர் தொழுகைக்குப் பின், நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் வந்தார். இப்பொழுது ஓர் ஊரில் இமாமாக இருக்கிறார். அவருடைய பன்னிரண்டு வயது மகன் ஓர் உளூவைச் செய்து முடிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறான் என்றார். முழங்கையில் ஓர் இடம் நனையாமல் போயிருக்குமோ என்ற ஐயம் எழுந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவானாம். கைகளின் தோல் வெடித்துவிட்டது, ஜமாஅத்தும் தவறியது, பின்னர்ப் பள்ளிக்கூடமும் நின்றது. தொடக்கத்தில் வீட்டார் இதனைப் பேணுதல் என்றெண்ணிப் பாராட்டியிருக்கின்றனர். அதன் பிறகே வஸ்வாஸ் என்று உணர்ந்து ஓதிப் பார்த்தனர். இறுதியில் மனநல மருத்துவரிடம் சென்றனர். மருத்துவர் ஒரு நடத்தைப் பயிற்சியையும், அதனுடன் ஒரு மாத்திரையையும் எழுதித் தந்தார்.

மாத்திரைப் பெட்டியினுள் இருந்த காகிதத்தைத் தந்தை வாசித்தார். இளவயதினரில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் தோன்றக்கூடும் என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. மூன்று வாரங்களாக அந்த மாத்திரையைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்.

"ஹஜ்ரத், கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் அல்லாஹ்விடம் நான் என்ன பதில் சொல்வேன்?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, "அவன் உம்மாவோ, கொடுக்காமல் ஏதாவது ஆகிவிட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்கிறாள்" என்றார்.

இவ்விரு கேள்விகளுக்கும் நம் முன்னோரிடம் விடை உண்டா எனத் தேடியபோதுதான், நாம் விரைந்து கடந்து சென்ற அந்த மஸ்அலா நினைவுக்கு வந்தது. அதற்குச் செல்லுமுன் அவர் எடுத்துவைத்த ஓர் ஆதாரத்தைப் பார்த்துவிடுவோம்.

ஸஹீஹுல் புகாரீயிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் இடம்பெறும் ஹதீஸ் அது. அதாஉ பின் அபீ ரபாஹ் (ரஹ்) அவர்களுக்கு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒரு கறுப்பினப் பெண்மணியைச் சுட்டிக் காட்டி, அவர் சுவனத்துக்குரியவர் எனக் கூறுகிறார்கள். வலிப்பு நோயால் துன்புற்ற அப்பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். பொறுமை காத்துச் சுவனம் பெறுவதா, குணமடைய துஆச் செய்வதா என்ற தேர்வு அவரிடமே விடப்பட்டது. அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். நோய் தாக்கும் வேளையில் தம் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆவை வேண்டினார். மருந்து உண்ணாமல் தவக்குல் வைப்பதன் சிறப்புக்கு அறிஞர்கள் இதனை எடுத்துக்காட்டுவர். நம் மாணவரும் அவ்வாறே எடுத்துக்காட்டினார்.

ஆனால் அங்கே தேர்ந்தெடுத்தவர் யார்? பருவமடைந்த, அறிவு தெளிந்த ஒரு பெண்மணி. தம் உடலின் துன்பத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார். வேறொருவருக்காக அவர் பொறுமையைத் தேர்ந்தெடுக்கவில்லை. தந்தை தம் பசியைப் பொறுத்தால் அது ஸப்ர். பிள்ளையின் பசியைப் பொறுத்தால் அதற்கு வேறு பெயர். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் கஸ்ஸாலீ (ரஹ், மறைவு ஹிஜ்ரீ 505/கி.பி. 1111) அவர்கள் 'இஹ்யா'வின் தவக்குல் பாடத்தில் காரணங்களை உறுதியானவை, பெரும்பாலும் பயன் தருபவை, வெறும் யூகமானவை என வகைப்படுத்துகிறார்கள். மருத்துவத்தை நடுவகுப்பில் வைத்து, தாகத்துக்கு நீர் அருந்தாதிருப்பதைத் தவக்குல் எனக் கொள்ளலாகாது என்கிறார்கள். அங்கும் பேசப்படுவது ஒருவர் தம் விஷயத்தில் எடுக்கும் முடிவே.

பிள்ளையின் மருத்துவம் பற்றி நேரடியாகப் பேசும் ஹதீஸ் வேறொன்று உண்டு. உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்கள் தம் ஆண் குழந்தையை நபி (ஸல்) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். குழந்தைக்கு 'உத்ரா' எனப்படும் தொண்டை நோய். அக்கால அரபு வழக்கப்படி விரலை உள்ளே செலுத்தித் தொண்டையை அழுத்தியிருந்தார்கள். பிள்ளைகளை ஏன் இவ்வாறு நெரித்து வதைக்கிறீர்கள் என நபியவர்கள் கண்டித்து, 'இந்திய ஊது' எனும் குஸ்தைப் பயன்படுத்துமாறு வழிகாட்டினார்கள். இது நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் கோஷ்டமே என்பது வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் துணைச் செய்தி. ஆனால் மருந்தின் பெயரைக் காட்டிலும் அங்கே நடந்தது நமக்கு முக்கியம். வேதனை தரும் சிகிச்சை விலக்கப்பட்டது; சிகிச்சையே விலக்கப்படவில்லை. இரண்டு மருத்துவங்களில் தீங்கு குறைந்தது எது என்ற கேள்வி, பிள்ளையைப் பொறுத்தவரை, நபியவர்களின் சபையிலேயே எழுந்துவிட்டது.

இக்கேள்வியைச் சட்டமொழியில் வகுத்துத் தந்தவர் இமாம் நவவீ (ஹிஜ்ரீ 631–676/கி.பி. 1233–1277). மின்ஹாஜின் அந்த இடத்தை நம் சொற்களில் விரித்தால் இவ்வாறு அமையும்.

பருவமடைந்து, தம் காரியத்தைத் தாமே நடத்தும் ஒருவர் தம் உடலிலுள்ள கட்டியை அறுத்துக்கொள்ளலாம். ஆனால் அறுப்பது ஆபத்தாக இருந்து, விடுவதில் ஆபத்தே இல்லையென்றால் கூடாது. விடுவதன் ஆபத்தைவிட அறுப்பதன் ஆபத்து மிகுந்தாலும் கூடாது. சிறுவனுக்கோ மனநிலை தவறியவருக்கோ ஆபத்துள்ள அறுவையைச் செய்விக்கும் உரிமை தந்தைக்கும் தந்தைவழிப் பாட்டனாருக்கும் உண்டு. விடுவதன் ஆபத்து மிகுந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆட்சியாளருக்கு அந்த உரிமை இல்லை. ஆபத்தற்ற அறுவை, இரத்தம் குத்தியெடுத்தல் போன்றவற்றை மட்டுமே அவர் அனுமதிக்கலாம். அனுமதிக்கப்பட்ட சிகிச்சையால் உயிர் போய்விட்டால், வலுவான கருத்தின்படி, ஈட்டுப்பொறுப்பு இல்லை. தடுக்கப்பட்டதை ஆட்சியாளர் சிறுவனுக்குச் செய்துவிட்டாலோ, அவருடைய சொந்தப் பொருளிலிருந்து கடுமையான தியத் கடமையாகும்.

வயது வந்தவருக்கும் சிறுவனுக்கும் இடையே இங்கு ஒரு நுண்ணிய வேறுபாடு இருப்பதைக் கவனிக்க வேண்டும். தராசின் இரு தட்டுகளும் சமமாக நின்றால் வயது வந்தவர் துணியலாம். ஏனெனில் அறுப்பதன் ஆபத்து 'மிகுந்தால்' மட்டுமே அவருக்குத் தடை. தந்தைக்கோ, விடுவதன் ஆபத்து 'மிகுந்தால்' மட்டுமே அனுமதி. ஆகவே சமநிலையில் பிள்ளை மீது கை வைத்தலாகாது. தன் உயிரைக் கொண்டு ஒருவர் செய்யக்கூடிய துணிச்சலைப் பிறர் உயிரைக் கொண்டு செய்ய முடியாது என்பதே இதன் பொருளாக நமக்குத் தோன்றுகிறது.

ஆட்சியாளருக்கு ஏன் அந்த உரிமை இல்லை? இதற்கு இரண்டு தகுதிகள் தேவை என விரிவுரையாளர்கள் காரணம் கூறுகின்றனர்: நிதானமாக உற்றுநோக்கும் ஓய்வும், நிறைவான பரிவும். இவ்விரண்டும் அரசரிடம் சேர்ந்திருப்பதில்லை. எனவே தந்தை என்ற பெயர் மட்டும் போதாது. உற்றுநோக்கும் உழைப்பையும் இந்த உரிமை கேட்கிறது. மருந்துக் காகிதத்தை ஒரு முறை வாசித்து அஞ்சி, மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருப்பது உற்றுநோக்கல் ஆகாது. இதனை நாம் அவரிடம் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம். பிறகு வருந்தினோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இமாம் நவவீ அவர்கள் இளமையில் மருத்துவம் கற்க விரும்பி இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலை வாங்கினார்கள். ஆனால் உள்ளம் இருண்டு எதிலும் மனம் செல்லாமற் போகவே, அந்நூலை விற்று, மருத்துவம் தொடர்பான யாவற்றையும் வீட்டிலிருந்து அகற்றிவிட்டார்கள். இதை அவர்களுடைய மாணவர் இப்னுல் அத்தார் பதிவு செய்துள்ளார். மருத்துவத்தை விட்டு விலகிய அதே இமாமின் பேனாவிலிருந்துதான் மருத்துவத் தீர்மானத்துக்கான இவ்வளவு துல்லியமான அளவுகோல் பிறந்தது. ஆபத்தை அளப்பது மருத்துவரின் வேலை. அளந்த பின் எடுக்கும் முடிவு வலீயின் பொறுப்பு என்ற எல்லைக்கோடு அவர்களுக்குத் தெளிவாக இருந்தது. அவர்களுக்குச் சற்று முன் வாழ்ந்த இஸ்ஸுத்தீன் பின் அப்திஸ் ஸலாம் (ரஹ், மறைவு ஹிஜ்ரீ 660/கி.பி. 1262) அவர்களும் மருத்துவத்தை ஷரீஅத்தோடு ஒப்பிட்டு, இரண்டுமே நன்மையை ஈட்டவும் தீமையைத் தடுக்கவும் வகுக்கப்பட்டவை என எழுதியுள்ளார்கள்.

கட்டி கண்ணுக்குத் தெரியும், வஸ்வாஸ் தெரியாது. அதனை எவ்வாறு ஸில்ஆவோடு ஒப்பிடுவது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம் ஃபுகஹாக்கள் பெரும்பாலும் வஸ்வாஸை ஷைத்தானின் ஊசலாட்டமாகவும் அறியாமையின் விளைவாகவுமே அணுகினர். இமாமுல் ஹரமைனின் தந்தை அபூ முஹம்மத் அல்ஜுவைனீ (மறைவு ஹிஜ்ரீ 438/கி.பி. 1047) இதற்கெனவே ஒரு நூல் எழுதினார், ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (மறைவு ஹிஜ்ரீ 620/கி.பி. 1223) வஸ்வாஸ்காரர்களைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ், மறைவு ஹிஜ்ரீ 974/கி.பி. 1567) அவர்களிடம் இதற்கு மருந்து கேட்கப்பட்டபோது, பயனுள்ள மருந்து ஒன்றே, அது அதனை முற்றிலும் புறக்கணிப்பது என்ற கருத்தில் ஃபத்வா வழங்கினார்கள்.

மருத்துவர்களோ இந்நோயை வேறு கோணத்திலும் கண்டனர். கைரவானில் வாழ்ந்த இஸ்ஹாக் பின் இம்ரான் 'மாலிகோலியா' எனும் மனச்சோர்வு நோயைப் பற்றித் தனி நூல் எழுதினார். பிற்காலத்தில் இலத்தீன் வழியாக ஐரோப்பா அதனைக் கற்றது. பல்கு நகர் சார்ந்த அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு ஹிஜ்ரீ 322/கி.பி. 934) தம் 'மஸாலிஹுல் அப்தானி வல் அன்ஃபுஸ்' நூலில் உடலுக்கு ஒரு பாகமும் உள்ளத்துக்கு ஒரு பாகமும் ஒதுக்கினார். காரணம் தெரிந்த துயரத்தையும், காரணம் தெரியாமல் உடலின் மாற்றத்தால் எழும் துயரத்தையும் பிரித்துக் காட்டினார். முன்னதற்குச் சொல்லாலும் சிந்தனையாலும், பின்னதற்கு உடல் மருந்தாலும் சிகிச்சை என்றார். எண்ணத் தொல்லையான வஸ்வாஸுக்குத் தனி அத்தியாயமே உண்டு. தனித்திருக்க வேண்டாம், நல்லோருடன் கலந்திருக்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரைகளில் ஒன்று. இஸ்தான்புல்லின் ஆயாஸோஃபியா தொகுப்பில் இருந்த இதன் கையெழுத்துப் படியை ஃபுவாத் ஸெஸ்கின் 1984-இல் ஃபிராங்ஃபர்ட்டில் நிழற்படிவமாக வெளியிட்டார். ஸூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரீயின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் வந்தது. நம் அரபுக் கல்லூரி நூலகங்களில் இந்நூல் இல்லாதிருப்பது நம் குறையே.

ஆக, ஃபகீஹ் சொன்ன புறக்கணிப்பும் மருத்துவர் சொன்ன உடல் மருந்தும் நம் மரபில் அருகருகே இருந்தன. இக்காலத்தில் அவை ஒரே மருத்துவச் சீட்டில் சேர்ந்துவிட்டன என்பதுதான் வியப்பு. அச்சிறுவனுக்கு எழுதித்தரப்பட்ட நடத்தைப் பயிற்சி எது தெரியுமா? ஒரு முறை மட்டுமே உளூச் செய்ய வேண்டும். ஐயம் எழுந்தால் திரும்பக் கழுவாமல் அந்தத் தவிப்பைத் தாங்கியபடியே அமர்ந்திருக்க வேண்டும். தவிப்பு தானே தணியும். "இது இப்னு ஹஜருடைய ஃபத்வா அல்லவா ஹஜ்ரத்!" என்றார் நம் மாணவர். ஆம், ஆனால் மருத்துவர் அதனைப் படிப்படியாக, பயிற்சியாக, துணையிருந்து செய்விக்கிறார். எங்கள் காலத்தில் அந்த ஃபத்வாவை வஸ்வாஸ்காரரிடம் ஒரு முறை சொல்லிவிட்டு, பிறகு அவரைக் கேலி செய்வதோடு நிறுத்திக்கொண்டோம்.

தராசில் வைக்க எடைகள் வேண்டும். நாம் அறிந்த ஒரு மருத்துவரிடம் கேட்டு அவற்றைச் சேகரித்தோம். அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 112 பேரிடம் 12 வாரங்கள் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று இதே நோயைப் பற்றியது. செர்ட்ராலின் மாத்திரையும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றோரில் 53.6 விழுக்காட்டினர் நோய் ஏறத்தாழ நீங்கிய நிலையை அடைந்தனர். பயிற்சி மட்டும் பெற்றோரில் 39.3, மாத்திரை மட்டும் பெற்றோரில் 21.4, மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோரில் 3.6. மற்றத் தட்டுக்கு வருவோம். அதே 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சிறாரிடம் இவ்வகை மருந்துகளைச் சோதித்த 24 ஆய்வுகளை, 4,400-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஆராய்ந்தது. தற்கொலை எண்ணமோ முயற்சியோ மருந்து பெற்றோரில் சுமார் 4 விழுக்காட்டினரிடமும், போலி மாத்திரை பெற்றோரில் 2 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அந்த ஆய்வுகளில் எவரும் தற்கொலையால் இறக்கவில்லை. தந்தை வாசித்த எச்சரிக்கை அங்கிருந்து வந்ததே. அது பொய்யும் அன்று. அது மட்டுமே உண்மையும் அன்று. தொடக்க வாரங்களிலும் அளவு மாறும்போதும் பிள்ளையை நெருங்கிக் கவனிக்க வேண்டும் என்பதே அதன் செயல்வடிவம்.

மூன்றாவது எடை ஒன்றும் இருக்கிறது. அதனை எண்ணிக்கையில் சொல்ல முடியாது. மருந்து கொடுக்காத மூன்று வாரங்களில் சிறுவன் ஒரு நாளும் பள்ளிக்கூடம் செல்லவில்லை. கொடுக்காமலிருப்பதும் ஒரு செயலே, அதற்கும் ஆபத்து உண்டு என்று நவவீ இமாம் 'விடுவதன் ஆபத்து' என ஒரு தட்டையே அதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தத் தட்டை நம் சமுதாயம் மறந்ததன் விலையை ஏர்வாடியில் கண்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் அங்குள்ள தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட இயலாமல் கருகினர். 28 உயிர்கள் போயின. அவர்களுள் பலரைக் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள்மீது அன்பு கொண்டிருந்த உறவினர்களே என்பதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. சங்கிலி பூட்டுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்திருக்கிறது. குஜராத்தின் உனாவா மீரா தாதார் தர்காவில் 2008-இல் தொடங்கி, பின்னர் ஏர்வாடிக்கும் வந்த 'தவா–துவா' ஏற்பாடு, மருந்தையும் பிரார்த்தனையையும் ஒரே வளாகத்தில் சேர்த்தது.

"ஆங்கில மருந்து மூளையைக் கெடுத்துவிடும்; யூனானியில் பார்க்கலாம்" என்று அவருடைய மாமனார் கூறியிருக்கிறார். யூனானி மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் இக்காலப் பைத்திய மருந்துகளின் வரலாற்றில் முதல் வரிசையில் நிற்கும் ஒன்று நம் ஹகீம்களின் அலமாரியிலிருந்து போனது. சர்ப்பகந்தி வேரைப் பல காலமாக இந்நாட்டில் பித்துக்கு மருந்தாகக் கொடுத்துவந்தனர். டில்லியில் ஹகீம் அஜ்மல் கானின் ஆதரவில் ஆய்வு செய்த ஸலீமுஸ்ஸமான் ஸித்தீகீ, 1931-இல் அவ்வேரிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளுக்கு ஹகீமின் நினைவாக 'அஜ்மலீன்' எனப் பெயரிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதே வேரிலிருந்து ரெஸர்பினைப் பிரித்தனர். 1954 முதல் மனநல மருத்துவமனைகளில் அது பரவியது. சிலரை அமைதிப்படுத்திய அம்மருந்து, வேறு சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் ஆழ்த்துவதாகக் குறிப்புகள் வந்தன. வேரும் நம்முடையது, பக்கவிளைவும் அந்த வேருடையதே. எந்த மருத்துவமாயினும் தராசு தேவை.

அப்படியானால் மருத்துவரைக் கேள்வி கேட்கலாமா? தாராளமாக. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூல், மருத்துவர் ஒவ்வொரு முறையும் எழுதும் மருந்து விவரத்தின் படியை நோயாளியின் வீட்டாரிடம் கொடுக்க வேண்டும் என்கிறது. நோயாளி இறந்துவிட்டால் வீட்டார் அந்தப் படிகளைத் தலைமை மருத்துவரிடம் காட்டுவர். சிகிச்சை முறையாக நடந்திருந்தால் ஆயுள் முடிந்தது என்பார். தவறியிருந்தால் தியத் பெறச் சொல்வார். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்ப்பவர் பொறுப்பாளி ஆவார் எனும் அபூதாவூத் நூலின் ஹதீஸிலிருந்து கிளைத்த நடைமுறை இது.

விடைபெறுமுன் அவர் தயங்கி ஒன்றைக் கேட்டார்: மகனுக்குத் தெரியாமல் பாலில் கலந்து கொடுத்துவிடலாமா? நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது, வேண்டாமெனச் சைகை செய்தும் வீட்டார் வாயோரம் மருந்து ஊற்றினர். நோயாளிக்கு இயல்பாக இருக்கும் வெறுப்பு என்று எண்ணிவிட்டனர். தெளிவு வந்ததும் நபியவர்கள் அதனை ஏற்கவில்லை. அங்கிருந்தோர் அனைவருக்கும் அவ்வாறே மருந்து ஊற்றச் செய்தார்கள். உடனில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். நபியவர்களின் நிலையைச் சிறுவனின் நிலையோடு ஒப்பிட நமக்குத் துணிவில்லை. ஆயினும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் மறைப்பதைவிடச் சொல்வதே மேல் என்றோம். தன்னைக் கவனிக்கும் கண்களில் அவனுடைய கண்ணும் ஒன்று. அவனிடம் இதுவரை எவரும் எதுவும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் முதல் மாத்திரை தொடங்கியது. தந்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் அளவு, உறக்கம், உணவு, உளூவுக்கு ஆன நிமிடங்கள் ஆகியவற்றை எழுதிவந்தார். முதல் பத்து நாள் பையனுக்கு வயிற்றுக் குமட்டலும் தூக்கமின்மையும் இருந்தன. மருத்துவர் அளவைக் குறைத்துப் பின் மெல்ல உயர்த்தினார். நான்காம் மாதம் அந்த நோட்டை நம்மிடம் காட்டினார். அறுபது என்று தொடங்கிய நிமிடக் கணக்கு பன்னிரண்டுக்கு வந்திருந்தது. இடையில் ஒரு வாரம் மீண்டும் நாற்பதுக்கு ஏறியிருந்தது.

சென்ற மாதம் வந்தபோது வேறொரு கேள்வியோடு வந்தார். பையன் நன்றாக இருக்கிறான், மாத்திரையை உடனே நிறுத்திவிடலாமா என்றார். அபினுக்குப் பழகி, விட்டால் உயிர் போகும் நிலையிலுள்ளவரைப் பற்றி இப்னு ஹஜர் அல்ஹைதமீ அவர்கள் கொடுத்த ஃபத்வாவை இப்னு ஆபிதீன் எடுத்தெழுதியிருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டினோம். உயிர் காக்க அதனை உட்கொள்வது கடமை. ஆனால் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வருவதும் கடமை என்பது அதன் சாரம். அபின் வேறு, இம்மாத்திரை வேறு. அடிமைப்படுத்தும் பொருளோடு இதனை ஒன்றாக்க வேண்டாம் என்றும் சொன்னோம். திடீரென நிறுத்தக் கூடாது என்பதில் மட்டுமே ஒப்புமை. குறைக்கும் அளவை மருத்துவரே வாரக் கணக்கில் எழுதித் தந்திருப்பதாகவும், ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகு தொடங்கலாம் என்று அவர் கூறியிருப்பதாகவும் தந்தை சொன்னார்.